வாளின் நீரோட்டம்: சரந்தீப் உருக்கு பற்றி ஒரு திருத்தம்

சில வருடங்களுக்கு முன்னர் பாடசாலை மலர் ஒன்றுக்கு நான் ஒரு சிறு கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தேன். அறபு நாட்டவருடன் இந்தத் தீவுக்கு இருந்த பண்டைய வணிகத் தொடர்பு பற்றியது அது. ‘அறபுலகின் புகழ்பெற்ற வாள்கள் எமது சரந்தீபிலே வார்க்கப்பட்டவை’ என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தேன். மலர் வெளியீட்டில் அந்த வரியைத்தான் எல்லோரும் எடுத்துப் பேசினார்கள். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சி.

கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது, இரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். “கட்டுரை நல்லம். ஆனா ஒண்டு கேக்கணும். வாளை வார்க்கிறதா தம்பி, அடிக்கிறதா?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அவருடைய கேள்வி என்னை விடவுமில்லை. ஏனென்றால் அதற்குரிய விடை எனக்குச் சிறு வயதிலேயே தெரிந்திருந்தது. எழுதும்போதுதான் அதை மறந்து போனேன். இக்கட்டுரை அந்த வரிக்கான திருத்தம்.

கிழக்குக் கரையோரத்தில் எங்கள் ஊருக்கும் பக்கத்துத் தமிழ் ஊருக்கும் இடையிலான எல்லை வீதியில் ஒரு கம்மாலை இருந்தது. எழுபதுகளில், வேளாண்மை வெட்டு நெருங்கும் காலத்தில், வாப்பா தாக்கத்திகளையும் மண்வெட்டிகளையும் சாக்கில் கட்டி என்னிடம் கொடுத்தனுப்புவார். அங்கே துருத்தி இழுப்பது எனக்குப் பிடித்த வேலை. சிரட்டைக்கரி நெருப்பில் லொறி வில்லுத் தகட்டின் துண்டு கறுப்பிலிருந்து கருஞ்சிவப்பாகி, பழுத்த பாக்கின் நிறத்துக்கு வரும். நான் ஆசையில் இன்னும் இழுத்தால் மஞ்சளாகி வெளுக்கத் தொடங்கும். அப்போது கொல்லர் என் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார். “போதும் மனே. வெள்ளையாகிப் போனா உருக்குச் செத்துப் போகும்” என்பார். வெளுத்துப்போன தகட்டை அவர் உடனே அடிக்கமாட்டார். குறட்டில் பிடித்தபடி நிறம் இறங்கும்வரை காத்திருப்பார். பிறகுதான் சம்மட்டி எழும்.

உருக்குச் சாகும் என்பதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள அல் கிந்தியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல் கிந்தியை நாம் தத்துவஞானியாகவே அறிவோம். கி.பி. 9ஆம் நூற்றாண்டின் பக்தாதில் கிரேக்க அறிவை அறபு மொழிக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அவர். அவரே வாள்களைப் பற்றியும் ஓர் ஏடு எழுதினார். 833 முதல் 842 வரை ஆட்சி செய்த அப்பாஸிய கலீபா முஃதஸிமுக்காக எழுதப்பட்டது அது. அதில் போர்ப் பெருமை பேசப்படவில்லை. ஒரு வணிகன் பொருள் தேர்வது போல, இரும்பு எத்தனை வகை, எந்த வகையிலிருந்து எந்த வாள் வரும், அதனை எவ்வாறு அடையாளம் காண்பது என்று நிதானமாக வகுத்துச் செல்கிறார். மண்ணிலிருந்து நேரே எடுக்கும் இரும்பில் வன்மையானது ஷாபுர்கான், மென்மையானது நர்மாஹன். மனிதர் உருக்கித் தூய்மைப்படுத்திச் செய்வது ஃபூலாத். இந்த ஃபூலாத்தே நாம் உருக்கு என்று சொல்வது.

அந்தப் பட்டியலில்தான் சரந்தீபின் பெயர் வருகிறது. சரந்தீப் வாள்களை ஒரு வகையாகவே அவர் குறிப்பிடுகிறார். இங்கிருந்து சென்ற உருக்கு வேறு நாடுகளில் வாளாக்கப்பட்டதையும் சொல்கிறார். என் பழைய கட்டுரையில் இந்தப் பின்பகுதியை நான் விட்டுவிட்டேன். உருக்கு ஓரிடம், வாள் இன்னோரிடம் என்பது என் பெருமைக்கு வசதியாக இருக்கவில்லை.

நல்ல வாளை அடையாளம் காண்பதற்கு அவர் காட்டும் முக்கிய குறி ‘ஃபிரிந்த்’. பாரசீகரும் இந்தியரும் பின்னாளில் இதனை ‘ஜவ்ஹர்’ என்றனர். வாளின் தட்டையான முகத்தில் நீர் அலைவது போலத் தெரியும் வெள்ளை வரிகளே அவை. பேருவளையில் இரத்தினக்கல் பார்ப்பவர்கள் கல்லின் நீரோட்டம் என்று சொல்வார்களே, அந்தச் சொல்லையே இதற்கும் வழங்கலாம். அந்த நீரோட்டம் மேலே தீட்டியதல்ல. தேய்த்து மெருகிட்டு, அரிக்கும் தன்மையுள்ள கனிமக் கரைசலைப் பூசினால் உள்ளிருந்து எழுந்து வரும். அல் கிந்திக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் வந்த அல் பிரூனியும் கனிமங்கள் பற்றிய தமது நூலில் உருக்குச் செய்முறையையும் இந்த வரிகளையும் பேசுகிறார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பலாங்கொடைக்குத் தெற்கே, வளவை கங்கையை மறித்துச் சமனலவெவ நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, நீரில் மூழ்கவிருந்த நிலப்பரப்பில் தொல்லியல் ஆய்வு நடத்தப்பட்டது. கில் ஜுலெப் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அங்கே மலைச்சரிவுகளின் மேற்கு விளிம்புகளில் வரிசை வரிசையாக இரும்புருக்கு உலைகள் இருந்ததைக் கண்டறிந்தார். அவ்வாறான 77 இடங்கள் பதிவாகின. காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. எல்லா உலைகளும் மேற்கையே பார்த்து நின்றன. காரணம் தென்மேற்குப் பருவக்காற்று. ஆடி, ஆவணி மாதங்களில் அம்மலையில் ஆளைத் தள்ளும் காற்று வீசும். அக்காற்று உலையின் முன்சுவருக்கு மேலாகப் பாய்ந்து செல்லும்போது உள்ளே அமுக்கம் குறைந்து, சுவரின் அடியிலுள்ள குழல்கள் வழியாக வெளிக்காற்று இழுக்கப்படுகிறது. துருத்தி வேண்டியதில்லை, இழுக்கச் சிறுவனும் வேண்டியதில்லை. 1994இல் அதே இடத்தில் மாதிரி உலை கட்டிக் காற்றை மட்டும் நம்பி உருக்கிப் பார்த்தார்கள். காபன் செறிந்த உருக்கே கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் இது வெளியானபோது, காற்றை மட்டும் கொண்டு தரமான இரும்பு எடுக்க முடியாது என்ற பழைய எண்ணம் உடைந்தது.

அல் கிந்தி ஏடு எழுதிய நாட்களில் சமனலவெவ மலையில் உலைகள் எரிந்துகொண்டிருந்தன. இந்தக் காலப் பொருத்தம் மெய்சிலிர்க்க வைப்பது. ஆனாலும் அதைக் கொண்டு இன்ன வாள் இன்ன உலையிலிருந்து வந்தது என்று கட்டிவிட முடியாது. இதே பலாங்கொடைப் பகுதியில் இன்னொரு முறையும் வழக்கிலிருந்தது. இரும்புத் துண்டுகளையும் விறகுத் துண்டுகளையும் களிமண் மூசையில் இட்டு, வாயைப் பூசி அடைத்து, நெடுநேரம் ஊதி உருக்கும் முறை அது. அலுத்நுவரப் பக்கத்தில் அத்தொழில் அறிந்த கடைசித் தலைமுறையினர் இருந்தனர். ஆனந்த குமாரசுவாமி அவர்களுடைய செய்முறையைப் பதிவு செய்து, 1908இல் வெளியான தமது சிங்களக் கலை பற்றிய பெருநூலில் சேர்த்தார். தென்னிந்தியாவிலும் ஆவாரம் விறகும் எருக்கிலையும் இட்டு இவ்வாறே செய்தார்கள். விறகிலிருந்து காபன் இரும்புக்குள் ஏறும். காபன் ஏறிய இரும்பு குறைந்த சூட்டில் உருகும். உருகியது மூசைக்குள்ளேயே மெதுவாக ஆறி ஒரு கட்டியாகும். ஐரோப்பியர் இதனை ‘வூட்ஸ்’ என்றனர். கன்னட ‘உக்கு’விலிருந்து வந்தது அச்சொல் என்பர் பலர். நாம் இங்கே எஃகு என்று சொல்லாமல் உருக்கு என்றே சொல்லி வருவதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். செய்முறையே பெயராகி நிற்கிறது.

அந்தக் கட்டியைக் கையில் வாங்கியவனுக்கு வாள் கிடைத்துவிட்டதா? இதுதான் ஆசிரியரின் கேள்வி.

ஐரோப்பா இதற்குத் தன் தோல்விகளால் பதில் சொன்னது. 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு விஞ்ஞானி ரெயோமூர் கெய்ரோவிலிருந்து இந்திய உருக்குக் கட்டியொன்றைப் பெற்றார். அதை அடித்து ஓர் ஆயுதமாக்கப் பரிஸ் நகரில் ஒரு கொல்லனும் அவருக்கு அகப்படவில்லை. 1794இல் பம்பாயிலிருந்து இலண்டன் றோயல் சொசைட்டிக்குக் கட்டிகள் போய்ச் சேர்ந்தன. மின்சாரத்தின் இயல்பைக் கண்டறிந்த மைக்கேல் பரடே, ஒரு கொல்லனின் மகன். அவர் 1819இலும் தொடர்ந்த ஆண்டுகளிலும் இந்த உருக்கை ஆராய்ந்தார். உள்ளே அலுமினியம் கலந்திருப்பதே இரகசியம் என்று நினைத்தார். அது பிழையாயிற்று. பரிஸ் நாணயசாலையைச் சேர்ந்த பிரெயாந் 1820களில் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளின் பின்னர், வரிகளுக்குக் காரணம் மிகுதியான காபனும் மெதுவாக ஆறுவதுமே என்று சொன்னார். ரஷ்யாவின் ஊரல் மலையடியில் அனோசொவ் பல்லாண்டு உழைத்து, 1841இல் இதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

இத்தனை பேருக்கும் கட்டி கையில் இருந்தது. அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது அதனை எந்தச் சூட்டில் அடிப்பது என்பதே. ஐரோப்பியக் கொல்லனுக்குப் பழக்கம் காபன் குறைந்த இரும்பு. அதை வெண்சூட்டில் அடிப்பது அவனது பரம்பரை வழக்கம். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு காபன் கொண்ட இந்த உருக்கை அதே வெண்சூட்டுக்குக் கொண்டுபோனால், மணிகளுக்கு இடையிலான எல்லைகள் உருகத் தொடங்கும். பொஸ்பரஸ் கலந்திருந்தால் இன்னும் விரைவாக உருகும். அந்த நிலையில் சம்மட்டி விழுந்தால் கட்டி நொறுங்கிவிடும். நன்றாகக் குளிர்ந்த நிலையில் அடித்தாலும் வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு வாசல் உண்டு. கொல்லர் என் கையைப் பிடித்து நிறுத்தியது ஏன் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய லொறித் தகட்டில் காபன் இதில் பாதியும் இல்லை. ஆனால் பிழை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது.

அந்த வாசலுக்குள் நடப்பது என்ன? இதனை எமக்குத் தெளிவாக்கியவர்கள் இருவர். ஒருவர் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழக உலோகவியல் பேராசிரியர் ஜோன் வேர்ஹூவன். மற்றவர் புளோரிடாவில் குதிரைக்கு இலாடம் அடித்தும் கத்தி செய்தும் வாழ்ந்த அல்பிரட் பென்ட்ரே. படித்தவரும் அடித்தவரும் சேர்ந்ததால் முடிந்த வேலை இது. 1980களில் தொடங்கிய அவர்களுடைய கூட்டுழைப்பின் முக்கிய முடிவுகள் 1998இலும் 2001இலும் வெளியாகின. சுவிட்சர்லாந்தின் பேர்ன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த, 1924இல் சொக்கே என்பவர் ஆராய்ந்திருந்த பழைய வாள்களின் துண்டுகளையும் அவர்கள் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள்.

அவர்கள் கண்டது இதுதான். மூசைக்குள் உருக்கு மெதுவாக ஆறும்போது மரக்கிளைகள் போன்ற பளிங்குகள் வளரும். உருக்கில் மிகச் சிறிதளவு வனேடியம் இருந்தால் அது கிளைகளுக்கு இடையிலுள்ள, கடைசியாக உறையும் பகுதியில் போய்ச் சேரும். வனேடியம் என்றால் கைநிறைய அல்ல. பத்தாயிரத்தில் அரைப் பங்குகூட இல்லாத அளவே போதும். சில வகைத் தாதுக்களில் அது இயல்பாகவே இருந்தது. எந்தக் கொல்லனும் அதனை அறிந்து சேர்த்ததில்லை.

பின்னர் கொல்லனின் வேலை. கட்டி ஏறத்தாழ ஆயிரம் பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழே சூடேற்றப்படுகிறது. அச்சூட்டில் இரும்பும் காபனும் சேர்ந்த காபைட்டு என்னும் வன்மையான துகள்களில் பெரும்பாலானவை கரைந்துவிடும். எல்லாம் கரைவதில்லை. வனேடியம் ஒதுங்கிய இடங்களில் சில எஞ்சி நிற்கும். அடிக்கும்போது உருக்கு ஆறும். ஆறும்போது கரைந்த காபன் எஞ்சிய துகள்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், அவை பருக்கும். மீண்டும் சூடேற்றினால் சிறியவை கரைய, பெரியவை நிற்கும். மீண்டும் அடித்தால் அவை இன்னும் பருக்கும். இப்படிப் பல பத்துத் தடவைகள். இதே வேளையில் சம்மட்டி இன்னொரு வேலையும் செய்கிறது. கட்டி தட்டையாகத் தட்டையாக, உள்ளே கிளைவிட்டு நின்ற பளிங்கமைப்பும் நசுங்கி, வாளின் முகத்துக்குச் சமாந்தரமான மெல்லிய படைகளாகப் படிந்துவிடுகிறது. துகள்கள் அந்தப் படைகளிலேயே அணிவகுக்கின்றன. ஓர் அணிக்கும் அடுத்ததற்கும் இடையே மில்லிமீற்றரின் ஆயிரத்தில் முப்பது முதல் எழுபது பங்கு தூரமே. கரைசல் பூசியதும் அணிகள் வெள்ளையாகவும் இடைவெளிகள் கறுப்பாகவும் தெரியும். அல் கிந்தி பார்த்த ஃபிரிந்த் இதுதான்.

ஆகவே சூடு மட்டும் இதைச் செய்வதில்லை, அடி மட்டும் செய்வதில்லை. சூடாகவும் ஆறவும் விட்டு, அதற்கிடையே உருவை மாற்றிக்கொண்டே இருக்கும்போதுதான் உள்ளமைப்பு மாறுகிறது. வரிகள் முதல் சில அடிகளில் தோன்றுவதுமில்லை, பல சுற்றுகளின் பின்னரே மெல்லத் தெளிவாகும். கொல்லன் ஒரு தடவை கவனம் பிசகி அளவுக்கு மேல் சூடேற்றினால் துகள்கள் முழுவதும் கரைந்து வரிகள் மறைந்துவிடும். நல்ல காலம், வனேடியம் ஒதுங்கிய இடத்திலேயே இருப்பதால், பொறுமையுடன் மீண்டும் சுற்றுகளை நடத்தினால் வரிகள் திரும்பி வரும்.

வாளின் குறுக்கே ஏணிப்படிகள் போலத் தெரியும் வரிகளைப் பாரசீகர் நாற்பது படி என்றனர். அதுவும் இதே வித்தைதான். வாள் உருவான பின்னர் குறுக்கே சிறு பள்ளங்கள் வெட்டி மறுபடி அடித்துச் சமப்படுத்துவார்கள். பள்ளம் மறைந்துவிடும். ஆனால் அந்த இடத்தில் உள்ளே வளைந்த படைகள் வளைந்தபடியே நிற்கும்.

இந்த வரிகள் வெறும் அழகுக்கு உரியவையா என்றும் கேட்கலாம். ஆறிய கட்டியில் காபைட்டு மணிகளைச் சுற்றி வலை போலப் படர்ந்திருக்கும். அவ்வலை வழியே வெடிப்பு ஓடும். அதனால் கட்டி கண்ணாடி போல முறியும். சரியான சூட்டில் அடிபட்டபோது வலை அறுந்து தனித்தனி உருண்டைத் துகள்களாகிறது. நொறுங்க வேண்டிய உருக்கு வளையத் தொடங்குகிறது. இதே வழியை 1970களில் ஸ்டான்பர்ட் பல்கலைக்கழகத்தில் ஒலெக் ஷெர்பியும் அவருடன் இருந்தோரும் வேறு நோக்கத்துக்காக மேற்கொண்டார்கள். காபன் மிகுந்த உருக்கை அளவான சூட்டில் உருட்டி நசுக்கி, மிக நுண்ணிய மணிகளாக்கினார்கள். அது சூட்டில் மிட்டாய் போலப் பல மடங்கு நீண்டு கொடுத்தது. தாங்கள் செய்திருப்பது பழைய டமஸ்கஸ் உருக்கின் உறவுக்காரன் என்பதைப் பிறகே உணர்ந்து, 1980இல் அதுபற்றி எழுதினார்கள். 2006இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள், 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றில் காபன் நுண்குழாய்களைக் கண்டதாக அறிவித்தார்கள். பத்திரிகைகள் அதனைக் கொண்டாடின. வேர்ஹூவன் அதனை ஏற்கத் தயங்கினார். வாளின் தன்மையை விளக்க அது தேவையுமில்லை.

இன்று நாம் வீடு கட்ட வாங்கும் டீ.எம்.டீ. கம்பியும் இவ்வழியில் வந்ததே. ஆயிரம் பாகையளவில் உருட்டி நீட்டப்பட்ட கையோடு, சில கணங்கள் அதன்மேல் நீரைப் பாய்ச்சுவார்கள். புறத்தோல் வன்மையாகும். உள்ளே எஞ்சிய சூடு அந்தத் தோலைப் பதப்படுத்தும். நடுப்பகுதி வளையும் தன்மையுடன் இருக்கும். பாலங்களுக்கும் குழாய்களுக்குமான உருக்கில் நூற்றுக்குச் சில நூறிலொரு பங்கு வனேடியமோ நயோபியமோ சேர்த்து, சூட்டை அளந்து உருட்டுகிறார்கள். அன்று அறியாமல் கலந்திருந்ததை இன்று நிறுத்துச் சேர்க்கிறார்கள்.

அந்த வாள்கள் ஏன் அற்றுப்போயின? 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தரம் மங்கி, 19ஆம் நூற்றாண்டில் தொழில் மறைந்தது. துப்பாக்கி வந்தது, இயந்திர உருக்கு மலிவாக இறங்கியது என்பவை ஒருபுறம். வேர்ஹூவன் இன்னொன்றைச் சொல்கிறார். வனேடியம் கொண்ட தாது தீர்ந்துபோய், வேறிடத்துக் கட்டிகள் வந்திருக்கலாம். கொல்லன் தந்தை சொன்னபடியே அடித்தான். வரி வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க, கட்டி செய்தவன் பல நாட்டுக்கு அப்பால் இருந்தான். வரி வராத தலைமுறை தன் பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுக்கும்?

இப்போது என் வரியைத் திருத்துகிறேன். சரந்தீபில் உருக்கு எடுத்தார்கள். அந்த உருக்கு வேற்று நாட்டுப் பட்டடைகளில் வாளாகியது. அதை எடுத்தவர்கள் மலைச்சரிவில் காற்றுக்குக் காத்திருந்த, பெயர் எழுதப்படாத மனிதர்கள். கடலைக் கடத்திச் சென்றவர்கள் வணிகர்கள். அடித்தவர்கள் வேறு மொழி பேசியவர்கள். ‘எமது வாள்’ என்று ஒருவர் தனியாகச் சொல்ல முடியாத பொருள் அது. ஒரு கை விலகியதும் மற்றக் கைகளின் வித்தையும் போயிற்று.

1990இல் எங்கள் இரு ஊர்களுக்கும் இடையில் நடந்தவற்றை இவ்விதழின் வாசகர்கள் அறிவார்கள். எல்லை வீதியின் கம்மாலை எரிந்தது. கொல்லர் குடும்பம் போனது. அதன் பின்னர் எங்கள் வயற்காரர் கடையில் விற்கும் கத்திகளை வாங்கினார்கள். ஒரு போகத்தில் வளையும், அல்லது முறியும். குறை சொல்லிக்கொண்டே அடுத்ததையும் வாங்கினார்கள். அந்தக் கம்மாலை யாருடையது, அது இல்லாமற் போனது ஏன் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சரந்தீப் வாளைப் பற்றி எழுதிய அந்தக் கட்டுரையில், நான் கண்ணால் கண்ட ஒரேயொரு கொல்லரைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

அவர் வாப்பாவுக்கு அடித்துக் கொடுத்த தாக்கத்தி ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. லொறித் தகடு என்பதால் அதில் நீரோட்டமெல்லாம் தெரியாது. ஆனால் இன்னும் வளையவில்லை. அந்த மலரின் பிரதி ஒன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். ‘வார்க்கப்பட்டவை’ என்ற சொல்லைப் பேனாவால் வெட்டிவிட்டு, இந்தக் கட்டுரையையும் சேர்த்து, அந்த ஆசிரியரிடம் கொடுக்கப் போகிறேன்.